அமைதியாக இருக்கிறது, அவ்வளவுதானா?

கேள்வி: 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க ஓவியர் ஃபிட்ஸ் ஹியூ லேன் வரைந்த ‘பிரேசஸ் ராக்’ படத்தைப் பார்த்தேன். ஒரு பாறை, ஒரு படகு, அசையாத கடல். அமைதியாக இருக்கிறது. அதற்கு மேல் ரசிக்க என்ன இருக்கிறது?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: அமைதி என்ற சொல்லைச் சத்தமில்லாமை என்ற ஒற்றைப் பொருளுக்குள் அடைத்துவிட்டோமே என்பது என் நெடுநாள் வருத்தம். ‘வீடு நன்றாக அமைந்தது’, ‘வேலை அமைந்தது’ என்கிறோமே, அந்த அமைதல்தான் இதற்குள்ளும் இருக்கிறது. இலக்கணத்தில் ‘வழுவமைதி’ என்று ஒன்று உண்டு. பிழைதான், ஆனால் காரணம் கருதிப் பிழையன்று என்று ஏற்றுக்கொள்வது. பள்ளிக்கூடத்தில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்து, அப்படியே மறந்துபோகிறோம். எவ்வளவு பெருந்தன்மையான சொல் அது!

இப்போது அந்தப் படகைப் பாருங்கள். கரையில் கைவிடப்பட்டுக் கிடக்கிறது. பலகை பெயர்ந்து, உள்கட்டைகள் விலா எலும்பாகத் தெரிகின்றன. பின்னால் நிற்கும் பாறையும் சாதுவானதல்ல. மாசசூசெட்ஸ் கரையிலுள்ள கிளாஸ்டர், மீன்பிடித் துறைமுகம். அதன் வாசல் என்று நினைத்து, இந்தப் பாறைக்கு அருகிலுள்ள சிறு விரிகுடாவுக்குள் நுழைந்து உடைந்த கப்பல்கள் உண்டு. லேன் அந்த ஊரில் பிறந்தவர், இதெல்லாம் தெரிந்தவர். தெரிந்தே அந்தப் பாறையை மாலை வெயிலில் நிறுத்தி, அதன் நிழலைக் கண்ணாடி போன்ற தண்ணீரில் குலையாமல் படுக்க வைக்கிறார். உடைசலும் ஆபத்தும் படத்துக்குள்ளேயே இருக்கின்றன. வானம் அவற்றை ஏற்றுக்கொள்கிறது. இதைக் ‘காலண்டர் படம்’ என்று ஒதுக்கும் நண்பர்களோடு எனக்குப் பழைய சண்டை. காலண்டர்காரர் அந்தப் படகுக்குப் புது வர்ணம் பூசியிருப்பார்.

அகலம் ஏறக்குறைய 15 அங்குலம், உயரம் 10 அங்குலம். மடியில் வைத்துப் பார்க்கலாம். தூரிகை போன தடம் தெரியாது. லேன் இளமையில் பாஸ்டனில், கல்லில் படம் வரைந்து அச்சிடும் கல்லச்சுக்கூடத்தில் பழகியவர். கோட்டில் அந்தக் கட்டுப்பாடு கடைசிவரை இருந்தது. கைக்குழந்தையாக இருந்தபோதே கால்கள் செயலிழந்து, ஊன்றுகோலோடு நடந்தவர். இந்தப் படத்தை வரைந்தது 1864 வாக்கில்; நாட்டில் உள்நாட்டுப் போர். அடுத்த ஆண்டு இறந்துவிட்டார்.

ஒன்றை மட்டும் என்னால் விட முடியாது. அவர் பெயர் ஃபிட்ஸ் ஹியூ லேன் அல்ல. நத்தானியேல் ராஜர்ஸ் லேன் என்று பெற்றோர் வைத்த பெயரை, முறைப்படி விண்ணப்பித்து 1832இல் ஃபிட்ஸ் ஹென்றி லேன் என்று மாற்றிக்கொண்டார். பின்னால் வந்தவர்கள் நடுவிலிருந்த ‘H’ என்ற முதலெழுத்தை ‘ஹியூ’ (Hugh) என்று விரித்து, 20ஆம் நூற்றாண்டு முழுக்கப் புத்தகம் புத்தகமாக அச்சிட்டார்கள். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் பழைய ஆவணத்தைப் பார்த்துத் திருத்தினார்கள். ஒரு மனிதர் தானே கேட்டு வாங்கிய பெயர் அது. இந்தப் பிழைக்கு வழுவமைதி கிடையாது. அடுத்த கடிதத்தில் ஹென்றி என்று எழுதுங்கள்.