ஏரிக்கரை முகாம் யார் பெயரில் இருக்கிறது?

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவுக்கு வந்து பதினோரு வருடமாகிறது. மூத்த மகள் கேர்ள் ஸ்கவுட்ஸில், அதாவது இங்கத்திய சாரணியர் இயக்கத்தில், சேர்ந்த நாளிலிருந்து அவளுடைய ட்ரூப்பை (அவள் இருக்கும் சிறு குழுவை) நான்தான் பார்த்துக்கொள்கிறேன். சம்பளம் இல்லாத வேலை. எங்கள் பகுதி ட்ரூப்களை நிர்வகிப்பது கவுன்சில். இப்போது அதைப் பக்கத்துக் கவுன்சிலோடு இணைக்கப் போகிறார்களாம். அடுத்த மாதம் வாக்கெடுப்பு. “நிர்வாகச் செலவு குறையும், பிள்ளைகளுக்கு எதுவும் மாறாது” என்கிறார்கள். எனக்கு ஏனோ மனம் ஒப்பவில்லை. எதிர்த்துப் பேசினால் மாற்றமே பிடிக்காதவள் என்று பெயர் வந்துவிடுமோ என்றும் தயக்கம். மூத்தவளுக்கு 15 வயது. ஏரிக்கரை முகாம் போய்விடுமா என்று கேட்கிறாள். சின்னவளின் கவலை வேறு: ஸ்கவுட்ஸ் பிள்ளைகள் விற்கும் ‘சமோவாஸ்’ குக்கி பெயர் மாறிவிடுமாம், நிஜமா?

க.

அன்புள்ள க.,

எதுவும் மாறாது என்றால் வாக்கெடுப்பு எதற்கு? முதலில் அதைக் கேளுங்கள்.

இணைப்பே தவறு என்று நான் சொல்லமாட்டேன். இந்தியாவில் சாரணர் அமைப்புகள் சேர்ந்து 1950-ல் பாரத சாரணர் இயக்கம் உருவானது. அடுத்த வருடம் சாரணியர் சங்கமும் அதில் சேர்ந்தது. நம் பள்ளிகளில் ‘சாரண சாரணியர்’ என்று ஒரே மூச்சில் சொல்வது அப்படி வந்த பழக்கம்தான். அமெரிக்காவிலும் சின்னக் கவுன்சில்களின் கஷ்டம் பொய்யில்லை. நாலைந்து ஊழியர்களை வைத்துக்கொண்டு கணக்கு, காப்பீடு, பயிற்சி, நன்கொடை திரட்டுவது எல்லாம் பார்க்க வேண்டும்.

ஆனால் உங்கள் கவுன்சில் ஏதோ கிளை அலுவலகம் இல்லை. ஒவ்வொரு கவுன்சிலும் சட்டப்படி தனி நிறுவனம். தனி நிர்வாகக் குழு, தனி வங்கிக் கணக்கு, சொந்த நிலம். பெயரையும் இன்ன பகுதி என்ற உரிமையையும் மட்டும்தான் தேசிய அமைப்பு சாசனமாகத் தருகிறது. 2006-லிருந்து சில வருடங்களுக்குள் 300-க்கும் மேற்பட்ட கவுன்சில்களை 110 அளவுக்குச் சுருக்கினார்கள். பெரும்பாலானவை தலையாட்டின. ஒன்று முரண்டு பிடித்தது.

விஸ்கான்சின் மாநிலத்தில், ஷெபாய்கனைத் தலைமையிடமாகக் கொண்ட மானிடோ கவுன்சில் அது. பக்கத்துக் கவுன்சில்களோடு சேர முடியாது என்றது. அப்படியானால் உன் பகுதியை எடுத்துக்கொள்கிறோம் என்றது தேசிய அமைப்பு. மானிடோ வழக்குப் போட்டது, அதுவும் யாரும் எதிர்பார்க்காத ஒரு சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு. விஸ்கான்சினில் முகவர்களைப் பாதுகாக்கும் சட்டம் ஒன்று உண்டு. பெரிய கம்பெனி தகுந்த காரணமில்லாமல் ஒரு டீலரின் உரிமையைப் பறிக்கக் கூடாது என்பது அதன் சாரம். எங்கள் பெண்கள் குக்கி விற்கிறார்கள், ஆகவே நாங்களும் டீலர்தான் என்றது மானிடோ.

கீழ் நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்தது. 2008-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. 2011-ல் நீதிபதி ரிச்சர்ட் போஸ்னர் எழுதிய தீர்ப்பும் மானிடோவின் பக்கம்தான். இது எங்கள் கருத்துச் சுதந்திரம், நாங்கள் லாப நோக்கமில்லாதவர்கள் என்ற தேசிய அமைப்பின் வாதமெல்லாம் எடுபடவில்லை. வியாபாரக் கண்ணோடு பார்த்தால் கேர்ள் ஸ்கவுட்ஸுக்கும் டோனட் கடைச் சங்கிலிக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்ற பொருளில் அவர் எழுதியிருந்தார். எனக்கு அதைப் படித்ததும் சிரிப்பு வந்தது. அப்புறம் கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது. 1912-ல் சவானாவில் ஜூலியட் கார்டன் லோ 18 சிறுமிகளோடு தொடங்கிய இயக்கத்தில், ஒரு கவுன்சில் தன் தலைமையிடமிருந்தே காப்பாற்றப்பட டீலர் சட்டம் தேவைப்பட்டிருக்கிறது!

உங்கள் மாநிலத்தில் அப்படி ஒரு சட்டம் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். வழக்கை நான் சொன்னது வேறு காரணத்துக்காக. சண்டை எதைப் பற்றி என்று பாருங்கள். பேட்ஜ் பற்றியோ சீருடை பற்றியோ இல்லை. எந்தப் பகுதி யாருடையது, யார் முடிவெடுப்பது என்பதுதான்.

முகாம் விஷயமும் அதுதான். இரண்டு மூன்று கவுன்சில்கள் சேர்ந்தவுடன் புதிய குழுவின் கையில் ஐந்தாறு முகாம்கள் வந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் கூரை, கழிவுநீர்த் தொட்டி, படகுத்துறை, காப்பீடு. வருடத்தில் சில வாரங்கள்தான் பிள்ளைகள் தங்குகிறார்கள். கணக்குப் பார்ப்பவருக்கு விற்பதுதான் புத்திசாலித்தனம் என்று தோன்றும். அவர் கெட்டவர் இல்லை, அந்த ஏரியில் நீச்சல் கற்றவர் இல்லை, அவ்வளவுதான். ஒஹாயோவிலும் ஐயோவாவிலும் முகாம் விற்பனைக்கு எதிராக முன்னாள் சாரணியரும் பெற்றோரும் நீதிமன்றம் வரை போனார்கள். அதற்குள் இணைப்பு முடிந்து, முடிவெடுக்கும் அதிகாரம் கைமாறியிருந்தது.

ஆகவே கேட்க வேண்டியதை வாக்கெடுப்புக்கு முன்பே கேளுங்கள். முகாமின் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது? நன்கொடையாக வந்த நிலம் என்றால் கொடுத்தவர் ஏதாவது நிபந்தனை எழுதியிருக்கிறாரா? புதிய குழுவில் உங்கள் பகுதிக்கு எத்தனை இடம், எத்தனை வருடத்துக்கு? விற்பதற்கு எத்தனை பங்கு வாக்கு வேண்டும்? பதில் வாய்வார்த்தையாக இருந்தால் போதாது, இணைப்பு ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். இதையெல்லாம் கேட்பவரை மாற்றம் பிடிக்காதவர் என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

இன்னொன்று. இந்த இயக்கத்தில் 14 வயது நிரம்பிய பெண்கள் பிரதிநிதிகளாகவே போக முடியும். உங்கள் கவுன்சிலின் விதிமுறையைப் பாருங்கள். முகாமைப் பற்றிக் கவலைப்படும் மகள் உங்களிடம் கேட்ட கேள்வியை வாக்கெடுப்புக் கூட்டத்தில் எழுந்து கேட்கலாமே.

சின்னவளின் கேள்விக்கு வருகிறேன். குக்கி செய்ய உரிமம் பெற்ற பேக்கரிகள் இரண்டு. யாரிடம் வாங்குவது என்பது கவுன்சிலின் முடிவு. ஒரு பேக்கரியில் ‘சமோவாஸ்’ என்பது, மற்றதில் ‘கேரமல் டிலைட்ஸ்’. பக்கத்துக் கவுன்சில் வாங்குவது எந்தப் பேக்கரியில் என்று விசாரியுங்கள். வேறு பேக்கரி என்றால் பெயர் மாறலாம், ருசியும் கொஞ்சம் மாறும். ‘தின் மின்ட்ஸ்’ மட்டும் இரண்டிலும் அதே பெயர்தான் என்று அவளிடம் சொல்லுங்கள்.

அன்புடன்