அமெரிக்க அதிபரின் வீட்டோ என்றால் என்ன? அவர் மறுத்தால் அதோடு சரியா?

அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் இரு அவைகளும் நிறைவேற்றிய மசோதாவில் கையெழுத்திட மறுத்து, காரணத்தை எழுதி அதிபர் திருப்பி அனுப்புவதுதான் வீட்டோ. ஞாயிறு நீங்கலாக 10 நாள் அவகாசம். கூட்டுக் கணக்குக் காசோலை மாதிரி, பொதுவாக ஒரு தரப்பின் கையெழுத்து மட்டும் போதாது.

ஒரே கையில் அதிகாரம் குவியக் கூடாது என்பதே 1787-இல் அரசியலமைப்பை எழுதியவர்களின் கவலை. அதனால் அதிபரின் மறுப்பையும் அவர்கள் முடிந்த முடிவாக்கவில்லை. இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கினர் மறுபடி ஆதரித்தால், அவர் கையெழுத்து இல்லாமலே சட்டமாகிவிடும். 1973-இல் அதிபரின் போர் அதிகாரத்துக்குக் கடிவாளம் போட்ட தீர்மானம், அப்போதைய அதிபர் நிக்சனின் வீட்டோவை மீறி இப்படித்தான் நிறைவேறியது. முக்கியமான உதாரணம் இது.

அப்புறம், பிடிக்காத பகுதியை மட்டும் அதிபர் அடித்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். முடியாது, அதற்கு வழிவிட்ட 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1998-இல் ரத்து செய்துவிட்டது.