சுவான்சோவில் சிவன் கோயிலைத் தேடிச் செல்வோர் அறிய வேண்டியவை

கேள்வி: நாங்கள் திருவானைக்காவலில் வசிக்கிறோம். எழுபது வயதை நெருங்கும் என் தந்தையுடன் வரும் நவம்பரில் சீனாவின் பழைய துறைமுக நகரமான சுவான்சோவுக்குச் செல்ல எண்ணியிருக்கிறேன். அங்கே தமிழ்க் கல்வெட்டும் சிவன் கோயிலும் இருப்பதாகப் படித்ததிலிருந்து அப்பாவுக்கு அதே நினைவு. நான்கு நாள் போதுமா? இருவரும் சைவ உணவுக்காரர்கள்; வெங்காயம், பூண்டும் சேர்ப்பதில்லை. சீன மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. எப்படித் திட்டமிடுவது?

பதில்: நான்கு நாள் போதும். ஆனால் பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே உங்கள் தந்தையிடம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள். சுவான்சோவில் இன்று நின்றுகொண்டிருக்கும் சிவன் கோயில் எதுவும் இல்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அங்கே தமிழ் வணிகர்கள் எழுப்பிய கோயில் இடிந்து, அதன் கற்கள் நகரெங்கும் சிதறிப்போயின. சில ஒரு பௌத்த விகாரத்தின் கட்டுமானத்துக்குள் சேர்ந்தன, சில அருங்காட்சியகத்துக்குச் சென்றன, கல்வெட்டோ வேறொரு ஊருக்கே போய்விட்டது. கோபுரத்தையும் கருவறையையும் எதிர்பார்த்துச் செல்பவர் ஏமாந்து திரும்புவார். பிறர் வீட்டுச் சுவரில் நம் வீட்டுக் கற்களை அடையாளம் காணும் பொறுமையோடு செல்பவருக்கோ நான்கு நாளும் போதாமல் போகலாம்.

அடுத்தது, ஊரின் பெயர். நம் இதழ்களில் இதைச் சிலர் குவான்சோ என்றும் எழுதுகிறார்கள். குவாங்சோ என்பது ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள வேறொரு பெருநகரம். ஆங்கில எழுத்தில் 'கியூ'வில் தொடங்குவது நீங்கள் போக வேண்டிய ஊர். 'ஜி'யில் தொடங்குவது மற்றது. இந்த ஓர் எழுத்துப் பிழையால் தவறான ஊருக்கு விமானச் சீட்டு வாங்கிவிட்டு, பணம் திரும்பக் கிடைக்குமா என்று என்னிடம் கேட்டவர்கள் இருவர். மார்க்கோ போலோவும் இபின் பதூதாவும் இதே ஊரைச் சைத்தூன் என்று குறிப்பிட்டார்கள். நகரைச் சுற்றி நடப்பட்டிருந்த 'சீ தோங்' மரத்தின் பெயரிலிருந்து அது வந்ததாகச் சொல்வார்கள். அந்த மரம் வேறொன்றுமில்லை, நம் ஊரில் வெற்றிலைக் கொடியைப் படரவிடும் கல்யாண முருங்கைதான்.

இந்தியக் கடவுச்சீட்டு உடையவர்கள் முன்கூட்டியே சுற்றுலா விசா பெற்றாக வேண்டும். பல நாட்டவருக்குச் சீனா அளிக்கும் பத்து நாள் இடைவழி விசா விலக்கு இந்தியருக்குப் பொருந்தாது என்பதால், இணையத்தில் பிற நாட்டவர் எழுதும் அறிவுரைகளை நம்பிப் புறப்பட வேண்டாம். திருச்சியிலிருந்து சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூர் சென்று, அங்கிருந்து சியாமென் நகருக்கு விமானம் மாறுவது முதியவருடன் செல்வோருக்கு எளிதான வழி. சியாமெனிலிருந்து சுவான்சோவுக்கு அதிவேக ரயிலில் ஏறக்குறைய அரை மணி நேரம்தான். ஆனால் 2023 செப்டம்பரில் புதிய ரயில் பாதை திறக்கப்பட்டபின் சுவான்சோவின் பெயரோடு கிழக்கு, தெற்கு என்று கூடுதல் நிலையங்கள் வந்துவிட்டன. திசைப்பெயர் எதுவும் ஒட்டாத, வெறும் சுவான்சோ என்ற நிலையத்துக்கே சீட்டு எடுங்கள்; பழைய நகருக்கு அதுவே வசதியானது. ரயில் சீட்டு உங்கள் கடவுச்சீட்டு எண்ணோடு இணைக்கப்பட்டிருக்கும். உள்நாட்டினருக்கான தானியங்கி வாயில் உங்களுக்குத் திறக்காவிட்டால் பதற வேண்டாம். ஓரத்தில் ஊழியர் நிற்கும் வாயிலில் கடவுச்சீட்டைக் காட்டினால் போதும்.

பணத்தைப் பொறுத்தவரை, கடலை வறுத்து விற்பவர்கூடக் கைப்பேசியில் குறியீட்டை ஸ்கேன் செய்யச் சொல்லும் நாடு அது. புறப்படுவதற்கு முன்பே அலிபே செயலியை நிறுவி, கடவுச்சீட்டு விவரங்களைப் பதிந்து, உங்கள் வீசா அல்லது மாஸ்டர் அட்டையை இணைத்துவிடுங்கள்; வங்கியிலிருந்து வரும் ஓடிபி இந்தியாவில் இருக்கும்போது சிக்கலின்றி வரும் என்பதால்தான் முன்பே செய்யச் சொல்கிறேன். இருநூறு யுவானுக்குள் செலுத்தினால் கூடுதல் கட்டணம் இல்லை, அதற்கு மேல் போனால் மூன்று விழுக்காடு பிடிப்பார்கள். வாடகைக் காரையும் அதே செயலி வழியாகவே அழைக்கலாம். வாட்ஸ்அப், கூகுள், யூடியூப் ஆகியவை அங்குள்ள இணையத்தில் இயங்கா. ஆனால் நம் நாட்டுச் சிம்மின் ரோமிங் வழியாகவோ, வெளிநாட்டில் வாங்கிய இ-சிம் வழியாகவோ சென்றால் பெரும்பாலும் இயங்கும். விடுதியை முன்பதிவு செய்யும்போது வெளிநாட்டவரைத் தங்கவைத்துப் பழக்கமுண்டா என்று ஒரு வரி எழுதிக் கேட்டுவிடுங்கள். கடவுச்சீட்டைக் காவல்துறைப் பதிவில் ஏற்றத் தெரியாத சிறு விடுதிகள், இரவு பத்து மணிக்கு வந்து நிற்பவரைப் பார்த்துக் கையைப் பிசைவதுண்டு. எனக்கே ஒரு முறை அப்படி நேர்ந்தது.

இனி ஊருக்குள் வருவோம். 2021-இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சுவான்சோ சேர்ந்தபோது அதில் மொத்தம் 22 இடங்கள் இடம்பெற்றன. அத்தனையையும் ஓடிப் பார்ப்பது வீண்வேலை. உங்கள் தந்தையின் வயதையும் விருப்பத்தையும் எண்ணிப் பார்த்தால், மேற்குத் தெருவில் உள்ள கையுவான் விகாரத்துக்கு ஒரு முழு நாளை ஒதுக்குவதே என் ஆலோசனை. 686-இல் தொடங்கப்பட்ட விகாரம் அது. வளாகத்தின் இருபுறமும் நிற்கும் இரண்டு கல் தூபிகளும் 1228 முதல் 1250 வரையிலான காலத்தில் கல்லால் எழுப்பப்பட்டவை; நாற்பது மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கும் அவை 1604-இல் இப்பகுதியைக் குலுக்கிய பெரும் நிலநடுக்கத்தையும் தாங்கி நின்றன. மேற்குத் தூபியின் நான்காம் அடுக்கில் வாளேந்திய குரங்கு முக வீரன் ஒருவன் செதுக்கப்பட்டிருக்கிறான். அவனை அனுமனோடு ஒப்பிடும் அறிஞர்களும் உண்டு, ஏற்காதவர்களும் உண்டு. தரையிலிருந்து வெறும் கண்ணால் பார்ப்பது கடினம், சிறிய தொலைநோக்கி இருந்தால் எடுத்துச் செல்லுங்கள்.

பெரும்பாலான பயணிகள் முதன்மை மண்டபத்தின் முன்புறம் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் நின்று பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, முன்புற மேடையின் அடிப்பகுதி. பச்சை கலந்த கருங்கல்லில், சிங்க உடலும் மனித முகமும் கொண்ட உருவங்கள் வரிசையாக ஓடுகின்றன; நம் கோயில்களின் அடிப்பீடமான அதிட்டானத்தில் யாளி வரிசையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த வரிசையின் இலக்கணம் உடனே பிடிபடும். மற்றொன்று மண்டபத்தின் பின்புறம். அங்கே பதினாறு பட்டையுள்ள இரண்டு தூண்கள், சுற்றியுள்ள சீனத் தூண்களோடு ஒட்டாமல், விருந்துக்கு வந்து தங்கிவிட்ட உறவினர்போல நிற்கின்றன. இடிந்த சிவன் கோயிலின் தூண்களை மிங் அரசமரபின் காலத்தில் மண்டபத்தைப் புதுப்பித்தபோது கொண்டுவந்து நிறுத்தினார்கள். அருகில் சென்று தூணின் நடுப்பட்டையில் உள்ள வட்டங்களைப் பாருங்கள். ஒன்றில் நரசிம்மர் இரணியனை மடியில் கிடத்தி வயிற்றைக் கிழிக்கிறார்; வேறொன்றில் குழந்தைக் கண்ணன் இரு மருத மரங்களுக்கிடையே நிற்கிறான். உள்ளங்கை இரண்டை விரித்தால் மூடிவிடக்கூடிய அளவே உள்ள சிற்பங்கள். காலை வெயில் பின்புறம் சாய்வாக விழாத இடம் என்பதால், கைப்பேசி விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் உருவங்கள் எழுந்து வரும், ஆனால் தூணைத் தொட வேண்டாம்.

சந்திர மாதத்தின் 26-ஆம் நாளில் இந்த விகாரத்தில் உள்ளூர் பக்தர் கூட்டம் அலைமோதும். முதியவரோடு செல்பவர் அந்த நாளைத் தவிர்க்கலாம், அல்லது கூட்டத்தையும் ஊதுவத்திப் புகையையும் பார்ப்பதற்கென்றே செல்லலாம். இரண்டுக்கும் நியாயம் உண்டு. 1974-இல் ஹோசு துறைமுகச் சேற்றிலிருந்து தோண்டியெடுத்து, இதே விகார வளாகத்தில் வைத்திருக்கும் சோங் அரசமரபுக் காலத்து மரக்கலத்தையும் விட்டுவிடாதீர்கள். 24 மீட்டர் நீளத்துக்கு எஞ்சியிருந்த அந்தக் கலம் குறுக்குப் பலகைகளால் பதின்மூன்று அறைகளாகத் தடுக்கப்பட்டிருந்தது. ஓர் அறையில் நீர் புகுந்தாலும் மற்றவை மிதக்கும் என்ற ஏற்பாடு அது. உள்ளே மிளகும் வாசனைக் கட்டைகளும் கிடைத்தன.

இரண்டாம் நாள் கடல்சார் அருங்காட்சியகம். திங்கட்கிழமை விடுமுறை என்பதால் உங்கள் பயண நாட்களை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளுங்கள். நுழைவுக் கட்டணம் இல்லை, கடவுச்சீட்டு மட்டும் கையில் இருக்க வேண்டும். சமயக் கற்களுக்கான கூடத்தில் அரபு எழுத்துக் கல்லறைக் கற்களும், சிலுவையும் தாமரையும் ஒன்றாகச் செதுக்கிய கிறித்துவக் கற்களும், அவற்றோடு நம் கோயில் கற்களும் இருக்கின்றன. அங்கே யானை ஒன்று சிவலிங்கத்துக்கு மலர் சார்த்தும் புடைப்புச் சிற்பம் ஒன்று உண்டு. திருவானைக்காவலிலிருந்து செல்லும் உங்களுக்கு அதன் கதையை நான் சொல்ல வேண்டியதில்லை. அதைச் செதுக்கச் சொன்ன வணிகர் எந்த ஊர்க்காரர் என்பதற்குச் சான்று இல்லை. ஆனால் அந்தத் தலபுராணத்தைக் கேட்டு வளர்ந்த ஒருவர் அந்தக் கடற்கரையில் இருந்திருக்கிறார் என்று எண்ணத் தோன்றுகிறது. அந்தக் கல்லின் முன் உங்கள் தந்தைக்கு ஓர் இருக்கை தேடிக் கொடுங்கள்.

அன்று பிற்பகல் தூமென் தெருவுக்குச் செல்லலாம். 1009-இல் தொடங்கிய சிங்ஜிங் பள்ளிவாசலும், போர்த் தெய்வமான குவாந்திக்குரிய, எப்போதும் நெரிசலாக இருக்கும் கோயிலும் அங்கே அடுத்தடுத்து நிற்கின்றன. கன்பூசியஸ் கோயிலும் நடக்கும் தூரம்தான். பள்ளிவாசலின் தொழுகைக் கூடத்தில் கூரை இல்லை, கற்சுவர்கள் மட்டுமே வானத்தைப் பார்த்து நிற்கின்றன.

மூன்றாம் நாள் லுவோயாங் பாலம். இங்கும் பெயர்க் குழப்பம் உண்டு. ஹெனான் மாகாணத்தில் உள்ள, சீனாவின் பழைய தலைநகரான லுவோயாங்குக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பதால், வரைபடத்தில் தேடும்போது சுவான்சோ என்பதையும் சேர்த்துத் தட்டச்சு செய்யுங்கள். 1053 முதல் 1059 வரை, காய் சியாங் என்ற ஆட்சியாளரின் காலத்தில் கட்டிய கல் பாலம் அது. அடித்தளக் கற்களை இறுக்கிப் பிணைக்கச் சாந்து பயன்படாத கழிமுகத்தில், கற்களின்மேல் சிப்பிகளை வளர்த்து, அவற்றின் ஓடுகளே கற்களை ஒட்டிப் பிடிக்கும்படி செய்தார்கள். இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் நீர் வடியும் நேரத்தில் செல்ல வேண்டும். ஏற்றத்தின்போது பாலத்தின் மேல்தளம் மட்டுமே தெரியும். விடுதி வரவேற்பறையில் அன்றைய கடல் ஏற்ற இறக்க நேரத்தைக் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள். நிழல் குறைவு என்பதால் தந்தைக்குக் குடை வேண்டும். அன்பிங் பாலம் இன்னும் நீளமானது, இரண்டு கிலோமீட்டருக்கு மேல் ஓடுவது. ஆனால் இன்னொரு அரை நாளை விழுங்கிவிடும். உங்கள் நிலையில் நான் அதை விட்டுவிட்டு, சிங்யுவான் மலையடிவாரத்தில் ஒரே பாறையில் செதுக்கிய, தாவோ சமய ஞானி லாவோ சூவின் பெரிய உருவத்தைப் பார்த்துவிட்டு ஓய்வெடுப்பேன்.

உணவு பற்றிய உங்கள் கவலைக்கு நல்ல செய்தி இருக்கிறது. சீனப் பௌத்த சைவ உணவு மரபில் வெங்காயமும் பூண்டும் விலக்கு. எனவே விகாரங்களை ஒட்டிய சைவ உணவகங்களில் நீங்கள் தனியாகக் கேட்டுக்கொள்ளவே தேவையில்லை. ஆனால் அங்கே சோயாவிலும் கோதுமைப் பசையிலும் செய்த உணவுகளை மீன், வாத்து வடிவிலேயே பரிமாறுவார்கள். தட்டில் செதிலோடு ஒரு 'மீன்' வந்து இறங்கும்போது தந்தை திகைக்காமலிருக்க முன்பே சொல்லி வையுங்கள். சாதாரண உணவகத்தில் கீரைப் பொரியல் என்று வருவதிலும் பன்றிக் கொழுப்போ சிப்பிச் சாறோ கலந்திருக்கலாம். இவ்வூரின் புகழ்பெற்ற மெல்லிய சேமியாக் கஞ்சி இறைச்சியும் குடலும் சேர்ந்தது. 'இறைச்சி, மீன், முட்டை, விலங்குக் கொழுப்பு, சிப்பிச் சாறு, வெங்காயம், பூண்டு வேண்டாம்' என்று சீனத்தில் மொழிபெயர்த்த வரியைக் கைப்பேசியில் படமாக வைத்துக் காட்டுங்கள். நீங்களே உச்சரித்துப் பார்க்க வேண்டாம், தொனி மாறினால் பொருள் மாறும் மொழி அது. இனிப்பான வேர்க்கடலைச் சாறும், தேன் ஊற்றிய கடற்பாசி அல்வாவும் தெருவில் தயங்காமல் வாங்கிச் சாப்பிடத் தக்கவை.

நவம்பர் மிகப் பொருத்தமான மாதம். புயல் காலம் முடிந்திருக்கும், அக்டோபர் முதல் வாரத் தேசிய விடுமுறை நெரிசலும் அடங்கியிருக்கும். மாலையில் மட்டும் மெல்லிய கம்பளிச் சட்டை தேவைப்படும்.

கடைசி நாளைச் சியாமெனுக்கு ஒதுக்குங்கள், ஏனென்றால் 1956-இல் சுவான்சோவில் கண்டெடுத்த தமிழ்க் கல்வெட்டு இப்போது சியாமென் பல்கலைக்கழக மானிடவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சக ஆண்டு 1203, அதாவது 1281-ஆம் ஆண்டு சித்திரையில், சம்பந்தப் பெருமாள் என்பவர் கானின் திருமேனி நலம்பெறச் சிவனை எழுந்தருளுவித்த செய்தி அதில் தமிழில் உள்ளது. இறுதி வரி மட்டும் சீனம். மங்கோலியப் பேரரசர் குப்லாய் கான் சீனாவை ஆண்ட காலம் அது. பல்கலைக்கழக வளாகத்துக்குள் வெளியாட்கள் முன்பதிவின்றி நுழைய முடியாது. அருங்காட்சியகம் அன்று திறந்திருக்கிறதா என்பதையும் சேர்த்து, உங்கள் விடுதியிலிருந்து ஒருவரைச் சீனத்தில் பேசி உறுதிசெய்யச் சொல்லுங்கள். எழுத்துகள் தேய்ந்திருப்பதால் கல்லைப் பார்த்தவுடன் படித்துவிட முடியாது. கல்வெட்டின் வாசகத்தை இங்கிருந்தே பெரிய எழுத்தில் அச்சிட்டு எடுத்துச் சென்றால், உங்கள் தந்தை வரிக்கு வரி ஒப்பிட்டுப் படிக்கலாம். அதற்கு ஒரு மணி நேரமாவது ஆகும் என்று கணக்கிட்டு, திரும்பும் விமானத்தை மாலைக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.