ஊறுகாய் ஆலைக்கு எந்த எவர்சில்வர்?

கேள்வி: திண்டுக்கல் பக்கம் எலுமிச்சை, மாங்காய் ஊறுகாய் தயாரிக்கும் சிறு தொழில் நடத்துகிறோம். காய்களை உப்பில் ஊறப்போட நான்கு தொட்டிகளும், மசாலாவுடன் நீராவியில் சூடாக்க 500 லிட்டர் அண்டா ஒன்றும் செய்யக் கொடுக்க வேண்டும். மூன்று பட்டறைகளில் விலை கேட்டோம். ஒருவர் 202 ரக எவர்சில்வர் தகடு போதும் என்கிறார். அடுத்தவர் 304 என்கிறார். மூன்றாமவர் 316 இல்லாமல் ஆகாது என்கிறார். விலை வித்தியாசம் மலைக்க வைக்கிறது. ஊறல் நீரில் 12 முதல் 15 சதவீதம் உப்பு இருக்கும். மூன்று மாதம் வரை ஊறும். காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல தகடு என்கிறார்களே, அதை நம்பலாமா?

பதில்: முதலில் அந்த நான்கு தொட்டிகளை எடுத்துக்கொள்வோம். அவற்றை எவர்சில்வரில் செய்யவே வேண்டாம். மூன்று பட்டறைகளும் இதைச் சொல்லவில்லை என்பது எனக்கு வருத்தம்தான். கடல்நீரில் இருக்கும் உப்பு சுமார் 3.5 சதவீதம். அசையாமல் தேங்கி நிற்கும் கடல்நீருக்கே 316 தகட்டை நம்பிக் கொடுக்க முடியாது. உங்கள் ஊறல் நீரில் அதைப் போல மூன்று, நான்கு மடங்கு உப்பு. கூடவே எலுமிச்சையின் புளிப்பு. மூன்று மாதம் அசையாமல் நின்றால் 304 புள்ளி புள்ளியாக அரிக்கப்படும். 316 சற்றுத் தாமதமாக அதே கதிக்கு வரும். உணவுத் தரச் சான்று பெற்ற எச்.டி.பி.இ. என்ற கெட்டி பிளாஸ்டிக் பீப்பாய்களோ, உணவுக்கு ஏற்ற உட்பூச்சு உள்ள ஃபைபர் தொட்டிகளோ போதும். அங்கே மிச்சமாகும் பணத்தை அண்டாவில் போடுங்கள். பணம் போக வேண்டிய இடம் அதுதான்.

எவர்சில்வர் துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம் அதிலுள்ள குரோமியம். காற்றுப் பட்டதும் அது கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஆக்சைடு படலமாக மேலே படர்ந்து உள்ளிருக்கும் இரும்பைக் காக்கிறது. கீறல் விழுந்தால் தானாகவே மீண்டும் படர்ந்துகொள்ளும். இந்தப் படலத்தின் எதிரி உப்பிலுள்ள குளோரைடு. ஏதாவது ஓரிடத்தில் படலத்தை உடைத்து உள்ளே இறங்கிவிட்டால், அந்தக் குழிக்குள் புளிப்பு கூடிக்கொண்டே போகும். வெளியே குண்டூசி முனையளவு கறைதான் தெரியும், உள்ளே தகடு துளைபட்டுக்கொண்டிருக்கும்.

304 தகட்டில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உண்டு. 316-இல் இவற்றோடு 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்கிறது. குளோரைடை எதிர்த்து நிற்பது இந்த மாலிப்டினம்தான். விலையை ஏற்றுவதும் அதுவும் கூடுதல் நிக்கலும்தான். 202-இல் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள். மாடிப்படிக் கைப்பிடிக்கும் மேசைக்கும் அது சரி. சந்தையில் 202 என்ற பெயரில் விற்பவற்றில் நிக்கல் ஒரு சதவீதத்தை ஒட்டிய தகடுகளும் உண்டு. உப்பும் புளிப்பும் கொதிக்கும் பாத்திரத்துக்கு 202 கூடவே கூடாது.

உங்கள் அண்டாவுக்கு என் பரிந்துரை இதுதான்: ஊறுகாய் படும் உள்பாத்திரம், கலக்கும் துடுப்பு, கீழ்வாய், வால்வு எல்லாம் 316எல். நீராவி நிற்கும் வெளிச்சட்டை 304எல் போதும். கால்களும் தாங்கியும் 304 அல்லது சாதாரண எம்.எஸ். இரும்பாகவே இருக்கலாம். எம்.எஸ். காலை எவர்சில்வருடன் பற்றவைக்கும்போது 309எல் என்ற வெல்டிங் கம்பியைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். நடுவில் ஒரு 304 துண்டுத் தகடு வைத்து அதன்மேல் காலைப் பற்றவைப்பது இன்னும் நல்லது. மொத்தமும் 316 என்று கேட்ட பட்டறையின் விலை இந்தப் பிரிப்பிலேயே கணிசமாக இறங்கும்.

எண்ணுக்குப் பின்னால் வரும் 'எல்' எழுத்தை விட்டுவிடாதீர்கள். அது கார்பன் 0.03 சதவீதத்துக்கு மிகாத தகடு. சாதாரணத் தகட்டில் வெல்டிங் சூடு 450 முதல் 850 டிகிரி செல்சியஸ் வரையிலான எல்லையில் தங்கும் இடங்களில் கார்பன் குரோமியத்தைப் பிடித்துக்கொள்ளும். பற்றுக் கோட்டுக்கு இரு பக்கமும் சில மில்லிமீட்டர் அகலத்தில் பாதுகாப்பு இழந்த பட்டை உருவாகும். பிற்பாடு அரிப்பு அந்தப் பட்டையில்தான் தொடங்கும்.

காந்தத்தை நம்பாதீர்கள். 202, 304, 316 மூன்றிலும் காந்தம் ஒட்டாது. அதைவிட வேடிக்கை, உண்மையான 304 தகட்டை வளைத்த இடத்திலும் அழுத்திய இடத்திலும் காந்தம் லேசாக இழுக்கும். அதைக் கண்டு நல்ல தகட்டைத் திருப்பி அனுப்பியவர்கள் உண்டு. தகட்டு ஆலையின் சோதனைச் சான்றிதழைக் கேளுங்கள். அதிலுள்ள 'ஹீட் எண்', அதாவது ஒரே உருக்கில் வந்த உலோகத்துக்கு ஆலை இடும் எண், தகட்டின் மேல் அச்சிட்ட எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று தகட்டை வெட்டுவதற்கு முன்பே போய்ப் பாருங்கள். வெட்டிய பிறகு அந்த எண் எந்தத் துண்டில் போனது என்று யாருக்கும் தெரியாது. மாலிப்டினம் சோதிக்கும் திரவம் கடைகளில் கிடைக்கிறது: துடைத்த தகட்டில் ஒரு சொட்டு விட்டு, சிறு பேட்டரியின் முனைகளைச் சில விநாடி தொட்டால் 316-க்கும் 304-க்கும் நிறம் வேறுபடும். துப்பாக்கி போன்ற எக்ஸ்ரே கருவி கொண்டு உலோகக் கலவையை அளந்து தரும் சோதனைக் கூடங்களும் இருக்கின்றன. ஆனால் அந்தக் கருவி கார்பனை அளக்காது. 'எல்' தகடுதானா என்பதற்குச் சான்றிதழ்தான் ஆதாரம்.

கனத்தை 'கேஜ்' கணக்கில் பேசாதீர்கள். மில்லிமீட்டரில் எழுதி வாங்குங்கள். 16 கேஜ் என்றால் சுமார் 1.6 மி.மீ. என்பார்கள், வந்து சேர்வது 1.4 ஆக இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. எடைக் கணக்கு எளிது: ஒரு சதுர மீட்டர் பரப்பு, ஒரு மி.மீ. கனத்துக்குச் சுமார் 8 கிலோ. 80 செ.மீ. விட்டம், ஒரு மீட்டர் உயரமுள்ள தட்டையடி உருளை 500 லிட்டர் பிடிக்கும். அதன் பக்கச்சுவரும் அடியும் சேர்ந்து சுமார் 3 சதுர மீட்டர். 3 மி.மீ. தகடானால் 72 கிலோ. விலைப்பட்டியலில் உள்பாத்திரத்துக்கு மட்டும் 110 கிலோ என்று இருந்தால் மீதி எங்கே என்று கேட்கலாம். ஒன்று மட்டும்: நீராவிச் சட்டை உள்ள பாத்திரத்தின் உள்தகட்டை நீராவி வெளியிலிருந்து நெருக்கும். கனம் போதாவிட்டால் உள்பாத்திரம் உள்ளே மடங்கிவிடும். அந்தக் கனத்தைப் பொறியாளர் கணக்கிட்டே தர வேண்டும், கைக்கணக்கு ஆகாது. சட்டையை, வேலை அழுத்தத்தைவிடக் கூடுதல் அழுத்தத்தில் தண்ணீர் ஏற்றிச் சோதித்து, நீங்கள் பார்க்க நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள். பாதுகாப்பு வால்வு இல்லாத அண்டாவைப் பட்டறையிலிருந்து எடுத்துவராதீர்கள்.

நல்ல தகட்டையும் கெடுக்கக்கூடிய இடம் வெல்டிங். உள்பக்கம் ஆர்கான் வெல்டிங்தான், 316எல் கம்பியோடு. ஒரு பக்கம் பற்றவைக்கும்போது மறுபக்கமும் ஆர்கான் வாயு நிரம்பியிருக்க வேண்டும். இல்லையென்றால் மறுபக்கத்துக் கோடு கருத்து, சொரசொரப்பாகப் பொரிந்து நிற்கும். அந்தப் பொரியலுக்குள் மசாலாவும் உப்பும் புகுந்தால் எந்தப் பிரஷ்ஷாலும் எடுக்க முடியாது. உள்பக்கம் ஒரு தகட்டின் மேல் இன்னொன்றை ஏற்றி ஒட்டுவதும், விட்டுவிட்டுப் பற்றவைப்பதும் கூடாது. அடியும் சுவரும் சேரும் மூலை கூர்மையாக இல்லாமல் விரல் வழுக்கிச் செல்லும் வளைவாக இருக்க வேண்டும். கீழ்வாய் முழுவதும் வடியும் சரிவில் அமைய வேண்டும்.

பற்றிய கோட்டின் ஓரங்களில் வைக்கோல் நிறம், நீலம், கறுப்பு என்று வானவில்போல் படியும் நிறத்தைக் கவனியுங்கள். அதற்குக் கீழே குரோமியம் குறைந்த அடுக்கு இருக்கிறது. பல பட்டறைகளில் பஃபிங் சக்கரத்தால் தேய்த்துப் பளபளப்பாக்கித் தந்துவிடுவார்கள். நிறம் போய்விடும், பலவீனமான அடுக்கின் மிச்சம் தங்கிவிடும். நைட்ரிக், ஹைட்ரோஃபுளோரிக் அமிலங்கள் கலந்த பசையைத் தடவி அதை அரித்தெடுத்து, நன்றாகக் கழுவி, பிறகு நைட்ரிக் அல்லது சிட்ரிக் அமிலத்தால் படலத்தை உறுதிப்படுத்துவதே முறை. இந்தப் பசை தோலில் பட்டால் முதலில் வலி தெரியாமலே எலும்புவரை இறங்கக்கூடியது. கையுறை, முகக்கவசம், அந்த அமிலம் பட்டால் தடவும் கால்சியம் குளுக்கோனேட் களிம்பு மூன்றும் இல்லாத பட்டறையில் இந்த வேலையைச் செய்யவிடாதீர்கள். அங்கே நிற்கும் பையன்களின் கைகள் அவை.

பட்டறைக்குப் போகும்போது இன்னொன்றையும் பாருங்கள். இரும்புக் கதவு அறுத்த அதே கிரைண்டிங் சக்கரமும் அதே கம்பிப் பிரஷ்ஷும் உங்கள் தகட்டில் ஓடுகின்றனவா? அப்படியானால் இரும்புத் துகள் எவர்சில்வரில் பதிந்து, முதல் வாரமே பழுப்புப் புள்ளிகள் எழும். வந்து சேர்ந்த அண்டாவைத் தண்ணீரில் நனைத்து ஓரிரவு விட்டுப் பாருங்கள். காலையில் புள்ளி தெரிந்தால் கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன்பே திருப்பிச் சுத்தம் செய்யச் சொல்லலாம். உள்பரப்பின் மென்மைக்கு 0.8 மைக்ரான் ஆர்.ஏ. (சராசரி சொரசொரப்பு) என்ற அளவை ஆர்டரில் எழுதுங்கள்.

316எல் அண்டாவிலும் ஊறுகாயை இரவு முழுக்க வைக்கக் கூடாது. சூடாக்கி முடித்தவுடன் பீப்பாய்க்கு மாற்றிக் கழுவிவிடுங்கள். 60 டிகிரிக்கு மேல் சூடும் உப்பும் சேர்ந்து நீண்ட நேரம் நின்றால் அரிப்பு மட்டுமல்ல, தகட்டில் விரிசலே விழலாம். கழுவுவதற்கு பிளீச்சிங் பவுடர் வேண்டாம், அதிலும் குளோரின் இருக்கிறது. சூடான நீரும் மென்மையான சோப்புக் கரைசலும் நைலான் பிரஷ்ஷும் போதும். 202 பாத்திரம் ஏதாவது ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தால் அதைக் காய் கழுவவும், உலர்ந்த மசாலா வைக்கவும் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.