கோகோ தோட்டத்தையும் காட்டையும் செயற்கை நுண்ணறிவால் பிரித்தறிய முடியுமா?

வெட்டவெளியில் தனிப்பயிராக நிற்கும் தோட்டமென்றால் நன்றாகவே பிரித்துக் காட்டும். நிழல் மரங்களுக்கு அடியில் வளரும் கோகோவில்தான் தடுமாறும்; செயற்கைக்கோளுக்குத் தெரிவது பெரும்பாலும் உயர்ந்த மரங்களின் உச்சிதான். ஐரோப்பியச் செயற்கைக்கோளான சென்டினல்-2 எடுக்கும் படத்தின் நுணுக்கமே 10 மீட்டர்; அதாவது ஒரு புள்ளி 10 மீட்டர் சதுர நிலத்தைக் காட்டும். மேற்கு ஆப்பிரிக்காவில் மேகமும் அடிக்கடி மறைக்கும். அதனால் மேகத்தை ஊடுருவும் சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடார் தரவையும் சேர்த்தே பயிற்றுவிக்க வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, 2020 டிசம்பர் 31-க்குப் பின் காடழித்த நிலத்தின் கோகோவுக்கு அங்கே சந்தை இல்லை. 4 ஹெக்டேருக்கு மேற்பட்ட தோட்டத்துக்கு முழு எல்லைக்கோடு தர வேண்டும். சிறியதற்கு இருப்பிடத்தைக் காட்டும் ஒரே புள்ளி போதும். அடர்நிழலில் செல்போன் ஜிபிஎஸ் பல மீட்டர் விலகும். கோடு பக்கத்துக் காட்டுக்குள் நுழைந்துவிட்டால், தவறே செய்யாத விவசாயியின் மூட்டையும் ஒதுக்கப்படும். காடழிப்பு நடந்ததாக எச்சரிக்கை வந்தவுடன் கொள்முதலை நிறுத்துவது அநியாயம். முதலில் எல்லையை நேரில் நடந்து மறுபடி அளக்க வேண்டும்.