கண்வலி விதையில் கால்சிசின் குறைவது ஏன்?

கண்வலிக்கிழங்கு என்பது செங்காந்தள்தான். அதன் விதையில் உள்ள மருந்துப்பொருள் கால்சிசின். வேதாரண்யம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "பக்கத்துக் கொல்லைக்காரரும் நானும் ஒரே வியாபாரியிடம் கண்வலிக்கிழங்கு வாங்கி நட்டோம். ஆய்வில் அவர் விதைக்குக் கால்சிசின் 0.8 சதம் வந்தது, எனக்கு 0.6 தான். விலையும் இறங்கிவிட்டது. யூரியாவைக் கூட்டினால் ஏறுமா? டானிக் அடிக்கலாமா? புகையிலைச் செடியிலேயே இதைத் தயாரித்துவிட்டார்களாமே, இனி இந்தப் பயிரை நம்பலாமா?"

உரத்தைப் பற்றி யோசிக்கும் முன் ஈரத்தைப் பாருங்கள். முழுக்கக் காய்ந்த நிலையில் 0.8 சதம் உள்ள விதையில் 25 சதம் ஈரம் இருந்தால், அதே விதைக்கு 0.6 என்றுதான் வரும். செடி குறைவாகச் செய்யவில்லை, தண்ணீரும் சேர்ந்து எடையில் நின்றுவிட்டது. ஆய்வுத்தாளில் உள்ள கணக்கு உலர் எடைக்கா, கொடுத்த எடைக்கா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உலர் எடைக்கே 0.6 என்றால்தான் செடியின் பக்கம் திரும்ப வேண்டும்.

கால்சிசினைத் தனியாக ஒரு மரபணு செய்துவிடுவதில்லை. இந்த வேலையில் பங்குள்ள ஒவ்வொரு மரபணுவும் ஒரு என்சைமுக்கான, அதாவது வேதிவினையை நடத்தும் புரதத்துக்கான, குறிப்பு. ஒவ்வொரு என்சைமும் ஒரு வேலையைத்தான் பார்க்கும். ஃபினைல்அலனின், டைரோசின் என்ற இரண்டு அமினோ அமிலங்கள்தான் மூலப்பொருள். இவை எல்லாச் செடியிலும் உண்டு, நெல்லிலும் உண்டு. கண்வலிச் செடி இவ்விரண்டிலிருந்தும் ஒவ்வொரு துண்டைச் செதுக்கி எடுத்து ஒன்றாகப் பிணைக்கிறது. பிறகு சில என்சைம்கள் ஆக்சிஜனைச் சேர்க்க, வேறு சில மெத்தில் தொகுதிகளை (ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த சிறு துண்டுகள்) ஒட்டுகின்றன. கடைசிப் பக்கம் வரும் வேலைதான் அபூர்வமானது. சைட்டோகுரோம் பி450 குடும்பத்து என்சைம் ஒன்று, ஆறு கார்பன் வளையத்தைப் பிரித்து ஏழு கார்பன் வளையமாக்குகிறது. கால்சிசினின் மருந்துக் குணத்துக்கும் நஞ்சுக்கும் இந்த வளையம் இன்றியமையாதது.

இத்தனை கைகள் மாறிப் போகும் வேலையில், மிக மெதுவான கை எதுவோ அதுதான் கால்சிசின் அளவைத் தீர்மானிக்கும். கால்சிசின் மூலக்கூறில் நைட்ரஜன் அணு ஒன்றே ஒன்று. யூரியாவைக் கொட்டினால் மூலப்பொருள் கூடலாம், என்சைமின் வேகம் கூடாது. கொடி தழைத்து, இலை மென்மையாகி, மழைக்காலத்தில் இலைக்கருகலுக்கு இடம் கொடுக்கும். இலை கருகினால் காய்க்குப் போக வேண்டிய உணவே நின்றுவிடும். மெத்தில் தொகுதியைக் கொடுக்கும் பொருள் கந்தகம் உள்ள மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்திலிருந்து வருகிறது. அதற்காகக் கந்தகம் உள்ள ஜிப்சம் போட்டால் சதவீதம் ஏறும் என்று கணக்குப் போடுவதும் தவறுதான்.

எந்தெந்த என்சைம் எவ்வளவு சுறுசுறுப்பானது என்பது கிழங்கிலேயே எழுதியிருக்கிறது. கிழங்கிலிருந்து முளைப்பது தாய்ச்செடியின் நகல். ஆனால் ஒரே வியாபாரியிடம் வாங்கியதால் எல்லாம் ஒரே தாயின் கிழங்கு ஆகிவிடாது. பல ஊர்க் கிழங்கு ஒரே சாக்கில் கலந்திருக்கும். அதனால் இந்த ஆண்டே சில கொடிகளைக் குறியிட்டு, அவற்றின் விதையைத் தனித்தனியாக ஆய்வுக்குக் கொடுங்கள். நல்லதாக வந்த கொடியின் கிழங்கை மட்டும் பெருக்குங்கள். நடுவதற்கு 50 முதல் 60 கிராம் எடை வேண்டும். சிறியது அந்த ஆண்டு பூக்காமலே போகலாம். கலப்பை போலப் பிரியும் கிழங்கில் கவைக்கு ஒரு முளைதான். அது ஒடிந்தால் அந்தக் கவையே வீண், ஆகவே கூடையில் கொட்டாமல் அடுக்கி எடுத்துப் போங்கள். கோடியக்கரைக் காட்டில் தோண்டிவந்த கிழங்கு என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள், அது சரணாலயம்.

உங்கள் மணற்கொல்லையில் தண்ணீர் வடியும். டெல்டாவின் களிமண் வயலில் இதே கிழங்கு ஐப்பசி அடைமழையில் அழுகிப்போகும், மேட்டுப்பாத்தி இல்லாமல் அங்கே நடக்கூடாது. சூலகத்தண்டு மகரந்தப்பையை விட்டு விலகிப் பக்கவாட்டில் வளைந்திருப்பதால் பூவில் தானாகக் காய் பிடிப்பது குறைவு. காலை 8 மணியிலிருந்து 11 மணிக்குள் கையால் மகரந்தம் தொட்டுவையுங்கள். இது கிலோவைக் கூட்டும், சதவீதத்தை அல்ல.

அவசரப்பட்டுப் பறித்த பச்சைக் காயின் விதையை நல்ல விதையோடு கலக்காதீர்கள். காய் கரும்பச்சையாகி, தோல் சுருங்கி, கனம் குறைந்து, அழுத்தினால் நொறுநொறுவென்று சத்தம் வரும்போது பறியுங்கள். பிரித்தெடுத்த விதையை நிழலில் 7 முதல் 10 நாள் உலர்த்துங்கள். வெயில் பட்டால் கால்சிசினின் அந்த ஏழு கார்பன் வளையம் உருமாறி லூமிகால்சிசின் ஆகிவிடும், மருந்துக்கு அது உதவாது. விதை, கிழங்கு இரண்டுமே உயிர்க்கொல்லி நஞ்சு: கையுறை போடுங்கள், உலர்களத்தில் குழந்தைகளையும் ஆடுமாடுகளையும் விடாதீர்கள், கிழங்கைச் சமையலறைப் பக்கமே வைக்காதீர்கள்.

புகையிலைச் செய்தி உண்மைதான், ஆனால் பாதி. 2020-ல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நம் செங்காந்தளிலிருந்தே 8 மரபணுக்களைக் கண்டறிந்தார்கள். புகையிலையின் காட்டு உறவான ஒரு செடியின் இலைக்குள் மொத்தம் 16 என்சைம்களை இயங்கவைத்தார்கள். கிடைத்தது கால்சிசினுக்கு முந்தைய படியில் உள்ள பொருள், அதுவும் ஆய்வக அளவில். அடுத்த பட்டத்துக்கு நடலாமா என்பதை அந்தச் செய்தியை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

டானிக் அடித்தே பார்க்க வேண்டுமென்றால் நாலு வரிசைக்கு மட்டும் அடித்து, பக்கத்து நாலு வரிசையை அடிக்காமல் விடுங்கள். இரண்டையும் ஒரே நாளில் பறித்து, ஒரே நிழலில் உலர்த்தி, தனித்தனிப் பையில் ஆய்வுக்கு அனுப்புங்கள்.