பதில்: எல்கேஜி பிள்ளைகளுக்குப் பூசணிக்காய் பாடம்

டீச்சர், படம் காட்டினா ரெண்டு நிமிஷத்துல கவனம் போயிடுது, பரங்கியையும் வெண்பூசணியையும் குழப்பிக்கிறாங்கன்னு எழுதியிருந்தீங்க. படத்தை ஓரமா வச்சிடுங்க. சந்தையில ஒரு முழுப் பரங்கிக்காயும், சாம்பல் பூத்த வெண்பூசணி ஒண்ணும் வாங்கிட்டுப் போங்க. ரெண்டையும் தடவிப் பார்க்கச் சொல்லுங்க. முத்தின வெண்பூசணி விரல்ல மாவு மாதிரி ஒட்டும். அப்புறம் குழப்பமே வராது.

வெட்டுறது நீங்க மட்டும். உள்ளே இருக்கிற நாரையும் விதையையும் அவங்களே கையால அள்ளட்டும். வழவழன்னு இருக்கும், வகுப்பே கூச்சல் போடும் (பழைய துண்டு ஒண்ணு அவசியம்!). விதையைக் கழுவி எண்ணச் சொல்லுங்க. நாலஞ்சை ஈரமண்ணுல ஊன்றினா ஒரு வாரம், பத்து நாள்ல முளைச்சிடும்.

பயன்னா, பரங்கிக்காய்க் கூட்டு, வெண்பூசணி மோர்க்குழம்பு, காசி அல்வா, மார்கழிக் கோலத்துல சாணி உருண்டை மேல வைக்கிற பூ. திருஷ்டிக்கு உடைக்கிறதை அவங்களே சொல்லிடுவாங்க. பக்கத்துல கொடி இருந்தா பூவையும் காட்டுங்க; அடியில குட்டிக்காய் இருந்தா பெண்பூ. பரங்கி அமெரிக்கக் கண்டத்துலேர்ந்து வந்த கதையெல்லாம் இந்த வயசுக்கு வேண்டாம்.